எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்: மும்பை கற்பிக்கும் வளர்ச்சிப் பாடம்

திட்டமிடுதலுக்குப் புள்ளிவிவரங்கள் இன்றியமையாதவை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஓர் ஊரில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, எத்தனை பேருக்குத் தொழில் உண்டு, எத்தனை வீடுகளுக்குக் குடிநீர் கிடைக்கிறது என்பன தெரியாமல் எந்த அரசும் எந்தப் பணியையும் தொடங்க இயலாது. ஆயினும் அந்தக் கணக்கை எடுப்பவர் யார், எந்த வரையறையைக் கொண்டு எடுக்கிறார், கணக்கில் விடுபட்டவருக்கு நேர்வது என்ன என்ற வினாக்கள் பாடநூல்களில் போதிய இடம் பெறுவதில்லை. பல்கலைக்கழகங்களில் சர்வதேச வளர்ச்சியைப் பாடமாகப் பயிலும் மாணவர்களும், வளர்ச்சித் திட்டங்களை நிறைவேற்றும் அலுவலர்களும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள் இவையே. இவற்றுக்கு விடை தேட வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மும்பை நகரில் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே அமைந்துள்ள செம்பூர், மாட்டுங்கா, தாராவி ஆகிய மூன்று பகுதிகளின் வரலாறு அவ்விடையைத் தெளிவாக எடுத்துரைக்கிறது.

பாடத்தின் தோற்றம்

வளர்ச்சி இயல் ஒரு தனித்துறையாகப் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஆகும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1949ஆம் ஆண்டில் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி அளிப்பது பற்றிப் பேசினார். 1952இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் சமூகவியல் கல்வி நிலையம் தோன்றியது. 1954இல் ஆர்தர் லூயிஸ் உழைப்பாளர் மிகுந்த நாடுகளின் பொருளாதார வளர்ச்சி பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். 1966இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. தமிழகத்தில் மால்கம் ஆதிசேஷையா 1971ஆம் ஆண்டில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் அதற்கு முன்னர் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றியவர். 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிடத் தொடங்கிய பின்னர், வருமானத்தோடு கல்வியும் ஆயுளும் வளர்ச்சியின் அளவுகோல்களாக ஏற்கப்பட்டன.

துறையின் பெயர் புதியது. ஆனால் அதன் செயல்முறை இந்தியாவுக்குப் பழையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டு வாக்கில் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல்களைக் கொடுத்து, கிராமங்களின் நிலைமையை அறிந்துவரச் செய்தார். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய விவரங்கள் 1918இல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்கள் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டமையால், தென்னிந்தியக் கிராமங்கள் அடைந்த மாறுதல்களை அறிய அவை உரைகல்லாக விளங்குகின்றன.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களைக் கொண்டு மாதர் தாலுகாவின் பொருளாதார நிலையை 1929-30ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். இவ்விரு முயற்சிகளிலும் மாணவரே கணக்கெடுப்பாளராயினர். வகுப்பறையும் கிராமமும் இணைந்தன. எனினும், கேள்வியை அமைத்தவரும் விடையைத் தொகுத்தவரும் ஊருக்கு வெளியே இருந்தவரே. இந்நிலை மாறுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அம்மாற்றம் நிகழ்ந்த களங்களுள் முதன்மையானது மும்பை.

செம்பூரின் இரு நிறுவனங்கள்

செம்பூரை அடுத்த தேவ்னாரில் இரு கல்வி நிறுவனங்கள் அருகருகே அமைந்துள்ளன. முதலாவது டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம். இதன் வேர் நாக்பாடா தொழிலாளர் பகுதியில் உள்ளது. அங்கு அமெரிக்க சமயத் தொண்டர் கிளிஃபோர்டு மான்ஷார்ட் 1920களில் தொடங்கிய சமூகப்பணி இல்லத்தின் அனுபவத்திலிருந்து, 1936ஆம் ஆண்டில் சமூகப் பணிக்கான பட்டமேற்படிப்புப் பள்ளி ஒன்று தோன்றியது. 1941இல் மான்ஷார்ட்டுக்குப் பின் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரரான ஜே. எம். குமரப்பா என்பது தமிழ் வாசகர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது. 1954இல் நிறுவனம் தேவ்னார் வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. வளர்ச்சி இயலில் முதுகலைப் படிப்பும் அங்கு நடத்தப்பட்டு வருகிறது.

இரண்டாவது, சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். இந்திய அரசு, டாட்டா அறக்கட்டளை, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றின் கூட்டு முயற்சியால் 1956ஆம் ஆண்டில் மக்கள்தொகைப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமாக இது தொடங்கப்பட்டது. 1985இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆசிய, பசிபிக் நாடுகளின் மாணவர்கள் இங்கு வந்து மக்கள்தொகை இயலைப் பயின்று, தத்தம் நாடுகளின் புள்ளிவிவரத் துறைகளில் பணியாற்றினர். 1992-93ஆம் ஆண்டுகளில் தொடங்கிய தேசியக் குடும்ப நல ஆய்வுகளை ஒருங்கிணைப்பது இந்நிறுவனமே. மூன்றாவது ஆய்வு (2005-06) மும்பை, சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் குடிசைப் பகுதிகளையும் பிற பகுதிகளையும் தனித்தனியே கணக்கிட்டது. ஒரு நகரத்தின் சராசரி எண் அதன் உள்ளிருக்கும் ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும் என்பதை அம்முயற்சி உணர்த்திற்று.

ஒன்று சமூகப் பணியைக் கற்பிப்பது. மற்றொன்று எண்ணிக்கையைக் கற்பிப்பது. வளர்ச்சிக் கல்விக்கு இவ்விரண்டும் தேவை. இவ்விரு நிறுவனங்களின் வாயிலில் நின்று பார்த்தால், நகரத்தின் குப்பைக் கிடங்கும், 1971இல் பாந்திராவிலிருந்து மாற்றப்பட்ட இறைச்சிக்கூடமும், எண்ணற்ற குடிசைப் பகுதிகளும் அண்மையிலேயே உள்ளன. மாணவருக்கு ஆய்வுக்களம் அயலிலேயே காத்திருக்கிறது.

மாட்டுங்காவும் தாராவியும்

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவி, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு அறநிலையத்தை அமைத்தது. அது வகுத்த புறநகர்த் திட்டங்களில் தாதர்-மாட்டுங்கா திட்டம் குறிப்பிடத்தக்கது. அகன்ற சாலைகள், வடிகால்கள், பூங்காக்கள், வீட்டு மனைகள் ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட்டு, பின்னர் நிலத்தில் அமைக்கப்பட்டன. அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணிபுரிய வந்த தென்னிந்தியர்கள் அங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்குத் தோன்றிப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் வளர்த்தது.

இருப்புப்பாதைக்கு அப்பால், மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் தாராவி உருவாயிற்று. மீனவரான கோளிகள் அதன் பழங்குடியினர். நகரத்தின் உட்பகுதியில் இடமளிக்கப்படாத தொழில்கள் அங்குச் சென்று சேர்ந்தன. சௌராஷ்டிரக் குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். ஸ்லேட்டரின் மாணவர் ஆராய்ந்த கங்கைகொண்டானும் அதே திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. நிலமற்றோரின் நிலைமை கிராம ஆய்வில் ஒரு பக்கமாகவும், தாராவியின் தோல் கிடங்கில் மறு பக்கமாகவும் காணக்கிடைக்கிறது எனலாம்.

ஒரே மொழி பேசும் மக்களின் இரு குடியிருப்புகளில் ஒன்று வரைபடத்தோடு பிறந்தது. மற்றொன்று வரைபடம் இன்றியே வளர்ந்தது. முன்னதில் மனைக்கு எண் உண்டு, வீட்டுக்கு வரி உண்டு, வரிக்கு ரசீது உண்டு. பின்னதில் சேற்றை மண்ணிட்டு நிரப்பி வாழ்விடம் ஆக்கிய உழைப்புக்கு ரசீது இல்லை. ஏறக்குறைய 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியின் மக்கள்தொகை பற்றிய மதிப்பீடுகள் சில லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை வேறுபடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

வரையறையும் ஒரு காரணமே. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒரே சமையலறையில் சமைத்ததை உண்டு ஒன்றாக வாழ்வோர் ஒரு குடும்பம். தாராவியின் பட்டறைகளில் பகலில் வேலை செய்து, இரவில் அங்கேயே உறங்கி, உணவு விடுதியில் மாதக் கணக்கில் உண்ணும் தொழிலாளர் எந்தச் சமையலறையைச் சேர்ந்தவர்? கீழே பட்டறை, நடுவில் குடும்பம், மேலே வாடகைக்காரர் என மூன்று அடுக்குகளாக நிற்கும் கட்டடம் ஒரு வீடா, மூன்றா? குயவரின் வீட்டு முற்றமும் சூளையும் வாழ்விடமா, தொழிற்கூடமா? விடையைப் பொறுத்துத் தொகை மாறும். தொகையைப் பொறுத்து உரிமை மாறும்.

கணக்கும் உரிமையும்

கணக்கில் இடம்பெறுவதன் பொருள் 1976ஆம் ஆண்டில் வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பம்பாயில் குடிசைகளைக் கணக்கெடுத்து, அதில் இடம்பெற்றோருக்கு ஒளிப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கியது. குடிசைவாழ்வோரை நகரத்தின் குடிகளாக ஏற்றுக்கொள்ளும் முதற்படியாக அது அமைந்தது. ஆனால் கணக்கெடுப்பு மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது. செம்பூரை அடுத்த மான்குர்தில் இருந்த ஜனதா காலனி, நகராட்சியே பல ஆண்டுகளுக்கு முன்னர் மக்களைக் குடியமர்த்திய இடம். அணுசக்தித் துறையின் தேவைக்காக அந்நிலம் கோரப்பட்டது. குடியிருப்போர் நீதிமன்றத்திலும் வெளியிலும் பல ஆண்டுகள் போராடினர். நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976 மே மாதத்தில் காலனி அகற்றப்பட்டு, மக்கள் டிராம்பேயின் சீத்தா கேம்ப் பகுதிக்கு மாற்றப்பட்டனர்.

அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1960களில் பம்பாய் வந்து தச்சுத் தொழில் செய்தவர். உயர்கல்வி பெறாதவர். தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை உருவாக்கியவர் அவரே.

1981இல் நடைபாதைவாசிகளை நகரத்தை விட்டு வெளியேற்ற மாநில அரசு முற்பட்டபோது தொடுக்கப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் தீர்ப்பளித்தது. வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், உரிய நடைமுறையைப் பின்பற்றி நடைபாதைகளிலிருந்து மக்களை அகற்றலாம் என்றும் கூறியது. 1976 கணக்கெடுப்பில் இடம்பெற்றோருக்கு மாற்றிடம் அளிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் ஒரு கூறு. அரசியல் சட்டத்தின் உரிமை எல்லாருக்கும் பொது; மாற்றிடம் மட்டும் எண்ணப்பட்டவருக்கு. ஒரு கணக்கெடுப்பாளர் வந்த நாளில் வேலைக்குச் சென்றிருந்த ஒருவர், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நிற்க இடமின்றிப் போகக்கூடும் என்பதே இதன் பொருள்.

மக்களே எடுத்த கணக்கு

இச்சூழ்நிலையில்தான் புதிய முயற்சி ஒன்று தோன்றியது. நாக்பாடா சமூகப்பணி இல்லத்தில் பணியாற்றிய சிலர், அவர்களுள் டாட்டா நிறுவனத்தில் பயின்ற ஷீலா படேலும் ஒருவர், 1984இல் ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனத்தை அமைத்தனர். மான்ஷார்ட் தொடங்கிய இல்லத்திலிருந்து கல்வி நிறுவனம் பிறந்தது. கல்வி நிறுவனத்தில் பயின்றோர் மீண்டும் அதே இல்லத்தின் வழியாகத் தெருவுக்கு வந்தனர். 1985இல் அவர்கள் நடைபாதைவாசிகளுடன் சேர்ந்து ஏறக்குறைய 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தனர். ‘கண்ணுக்குப் புலப்படாத நாங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் அவ்வறிக்கை வெளிவந்தது. நடைபாதையில் வாழ்வோர் நாடோடிகள் என்ற கருத்தை அது மறுத்தது. அவர்கள் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் வாழ்ந்து, அண்மையிலுள்ள வேலைக்கு நடந்து சென்று பிழைப்பவர் என்பதை எடுத்துக்காட்டியது.

விரைவில் ஸ்பார்க், ஜாக்கின் அற்புதத்தின் கூட்டமைப்பு, நடைபாதைப் பெண்களின் சேமிப்புக் குழுக்களான மகிளா மிலன் ஆகிய மூன்றும் ஒன்றிணைந்தன. இவற்றின் கணக்கெடுப்பு முறை மாணவர் கவனிக்கத் தக்கது. முதலில் ஒவ்வொரு கதவிலும் சுண்ணக்கட்டியால் எண் இடப்படும். பின்னர் குடியிருப்போரே தெருக்களையும் குழாய்களையும் கழிப்பறைகளையும் குறித்து வரைபடம் தயாரிப்பர். அதன் பின்னரே வீட்டுக்கு வீடு வினாப்பட்டியல் செல்லும். இறுதியில், தொகுத்த விவரம் மக்கள் முன்னிலையில் படித்துக் காட்டப்படும். ‘இந்த வீட்டில் இரண்டு அடுப்பு உண்டு’, ‘அந்த வீட்டார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், திரும்புவார்கள்’ என்று அண்டை வீட்டார் திருத்தங்கள் சொல்வர். எழுத்தறியாப் பெண்களும் இப்பணியில் முழுமையாகப் பங்கு கொண்டனர்.

1985 டிசம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாயின் மேம்பாட்டுக்கு 100 கோடி ரூபாய் மானியம் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அதனையொட்டி மக்கள் அமைப்புகள் 1986இல் தாராவியில் எடுத்த கணக்கு, அரசு மதிப்பிட்டதைவிட மிகுதியான குடும்பங்கள் அங்கு வாழ்வதைக் காட்டியது. பின்னர், இருப்புப்பாதை ஓரக் குடியிருப்புகளின் கணக்கெடுப்பில் அரசும் ரயில்வேயும் இவ்வமைப்புகளுடன் ஒத்துழைத்தன. உலக வங்கியின் கடனுதவியுடன் 2002இல் தொடங்கிய மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தின்கீழ் ஏறக்குறைய 1 லட்சம் பேர் மாற்றுக் குடியிருப்புகளுக்குச் சென்றபோது, அக்கணக்கெடுப்பு அனுபவம் பயன்பட்டது.

கடல் கடந்த பாடம்

1991ஆம் ஆண்டில் ஜாக்கின் அற்புதம் தென்னாப்பிரிக்கா சென்றார். நிறவெறி ஆட்சி முடிவுறும் தறுவாயில் இருந்த அந்நாட்டின் குடிசைப்பகுதித் தலைவர்களுடன் உறவு ஏற்பட்டது. பம்பாயின் சேமிப்புக் குழுக்களும் கணக்கெடுப்பு முறையும் அங்குப் பரவின. 1996இல் குடிசைவாழ்வோரின் சர்வதேச அமைப்பு உருவாயிற்று. அறிவும் நிதியும் வடபுல நாடுகளிலிருந்து தென்புல நாடுகளுக்கு வரும் என்பதே அதுவரை சர்வதேச வளர்ச்சியின் எழுதப்படாத விதியாக இருந்தது. இங்கோ ஏழை நாட்டுத் தெருவோரப் பெண்களிடமிருந்து மற்றொரு நாட்டுத் தெருவோரப் பெண்கள் கற்றனர். ஜாக்கின் அற்புதத்துக்கு 2000ஆம் ஆண்டில் சர்வதேச நல்லுறவுக்கான மகசேசே விருதும், 2011இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. அவர் 2018இல் காலமானார்.

பல்கலைக்கழகங்களும் இதனைக் கவனித்தன. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக விளங்கிய அர்ஜுன் அப்பாதுரை, இம்மூன்று அமைப்புகளின் கூட்டுறவை ஆராய்ந்து 2001இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் வளர்ச்சி இயல் மாணவர்களால் படிக்கப்படுகிறது. 2006இல் அவர், ஆராய்ச்சி செய்வதும் மனித உரிமைகளுள் ஒன்றே என்ற கருத்தை முன்வைத்தார். தன் வாழ்வைப் பற்றித் தனக்குத் தெரியாததை முறையாகத் தேடி அறியும் ஆற்றல் பட்டதாரிகளுக்கு மட்டும் உரியதன்று என்பது அதன் சாரம்.

எல்லைகள்

மக்கள் எடுக்கும் கணக்கு குறையற்றது என்று கொள்வதும் தவறாகும். பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருப்பின் எண்ணிக்கை பெருகலாம். உள்ளூர்த் தலைவருக்கு வேண்டாதவர் விடுபடலாம். வீட்டுக்காரர் வாடகைக்காரரை மறைக்கலாம். ஆதலால் அரசின் கணக்கும் மக்களின் கணக்கும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

எண்ணப்படுதல் நல்வாழ்வுக்கு உத்தரவாதமும் ஆகாது. மான்குர்த்-கோவண்டி வட்டாரத்து மாற்றுக் குடியிருப்புகள் சிலவற்றில் கட்டடங்கள் மிக நெருக்கமாக நிற்பதால், கீழ்த்தளங்களுக்கு வெயிலும் காற்றும் எட்டுவதில்லை. இதற்கும் அங்குக் காணப்படும் காசநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை 2018இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. பிளேக் நோய்க்குப் பின் மாட்டுங்காவுக்குக் கிடைத்த சூரிய ஒளி, நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏழைகளின் புதிய வீட்டுக்குக் கிடைக்கவில்லை. ‘எத்தனை குடும்பம்’ என்று கேட்ட வினாப்பட்டியல், ‘எத்தனை மணி நேரம் வெயில்’ என்று கேட்கவில்லை.

மாணவரும் அலுவலரும் செய்யத் தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து சில நடைமுறைகளை வகுக்கலாம்.

1. களப்பணிக்குச் செல்லும் மாணவர், குடும்பம், வீடு, தொழில் ஆகிய சொற்களுக்கு அவ்விடத்து மக்கள் கொள்ளும் பொருளை முதலில் அறிதல் வேண்டும்.

2. கணக்கெடுப்பின் முடிவு, எண்ணப்பட்டவரின் மொழியில் அவர்கள் முன் படிக்கப்படுதல் வேண்டும். தாராவி போன்ற இடத்தில் தமிழ், மராத்தி, இந்தி, குஜராத்தி ஆகியவை எல்லாம் தேவைப்படலாம்.

3. வீடு பூட்டியிருந்தால் மீண்டும் செல்வதற்கும், விடுபட்டவர் முறையிடுவதற்கும் காலமும் அலுவலரும் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். இது சலுகையன்று, கணக்கெடுப்பின் ஒரு பகுதியே ஆகும்.

4. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தோடு நின்றுவிடாமல், அதன் சுருக்கம் ஆராயப்பட்ட ஊருக்கும் சென்று சேர வேண்டும்.

இந்நெறிகள் ஏட்டளவிலானவை அல்ல. தாராவியின் மறுசீரமைப்புக்காக 2024 மார்ச் மாதத்தில் வீடுதோறும் புதிய கணக்கெடுப்பு தொடங்கியது. எந்த நாளுக்கு முன் குடியேறினார், தரைத்தளத்தில் வாழ்கிறாரா மேல்தளத்தில் வாழ்கிறாரா என்பவற்றைப் பொறுத்து, ஒருவருக்குத் தாராவிக்குள்ளேயே வீடா, வேறிடத்தில் வீடா என்பது முடிவாகிறது. கதவில் மீண்டும் ஓர் எண் எழுதப்பட்டது.

சர்வதேச வளர்ச்சி என்பது நாடுகளுக்கிடையே நிகழும் பெரிய நிகழ்ச்சியாகவே பாடத்திட்டங்களில் தோன்றுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளும், உலக வங்கியின் கடன்களும், மனித மேம்பாட்டுக் குறியீடுகளும் மாணவர் அறிய வேண்டியவையே. ஆனால் அவ்வெண்களின் தொடக்கம் ஒரு சந்தில், ஒரு கதவின் முன், ஒருவர் கேட்கும் கேள்வியில் உள்ளது. கதவைத் தட்டுபவர் அக்கேள்வியின் விளைவை அறிந்திருப்பதும், கதவைத் திறப்பவர் எழுதப்பட்ட விடையைப் படித்துத் திருத்தும் உரிமை பெற்றிருப்பதுமே வளர்ச்சிக் கல்வியின் பயனாகும்.